என் வீட்டுக்காரரின் கராந்தேன்

"இன்னியிலேர்ந்து நம்ம வீட்டுல கராந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"எந்த மாட்டை?" என்றேன்.

"மாடா?"

"கறந்தேன்னு சொன்னீங்களே. நம்ம வீட்டுல மாடே கிடையாதேன்னு கேட்டேன்."

"பிரெஞ்சு வார்த்தைடி. கான்வென்ட்டுல படிச்சவளுக்கு இதுகூடத் தெரியலையா? ஜுரம் தொத்தாம இருக்க ஆளை ஆள் தொடாம ஒதுங்கி இருக்கிறது. சொல்தாத் தாத்தா சொன்னாரு."

சொல்தாத் தாத்தா என்பவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு, எங்கள் பீங்கான் கடை வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவர். அவர் சொன்னால் இவருக்கு அது சட்டம். நான் சொன்னால் சத்தம்.

ஐம்பத்தேழாம் வருஷம் அது. ஃப்ளூ என்ற புது ஜுரம் சென்னைப் பட்டணத்தில் கப்பலிறங்கி, பேரளத்தில் ரயில் மாறி, காரைக்காலுக்கும் வந்து சேர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். சினிமாக் கொட்டகையைச் சாத்தினார்கள். காய்ச்சல்காரர்களைத் தனி அறையில் வைக்கும்படி தண்டோரா போட்டார்கள். காய்ச்சலே இல்லாத மனுஷர் தனி அறைக்குப் போனது, எனக்குத் தெரிந்து, எங்கள் வீட்டில் மட்டும்தான்.

"நான் மாடிக்குப் போயிடுறேன். நீ கீழேயே இரு. ஜுரம் வந்தா உன் வழியாத்தான் வரும்."

"என் வழியாவா?"

"அஞ்சுகம் கருக்களாச்சேரியிலேர்ந்து மீன் கொண்டாரா. அவ மூச்சு உன் மேல. உன் மூச்சு என் மேல. தீந்துது."

"அப்ப மீன் வேணாமா?"

"மீன் வேணும். மூச்சுதான் வேணாம்."

நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அரை மணியில் சமாதானமாகிவிடுவோம், அதுதான் எங்கள் வழக்கம். இது அப்படி ஆறுகிற கோபமில்லை. என் மூச்சு வேண்டாம் என்று சொன்ன அதே வாய், அது வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அதுவரை நான் மாடிப்படி ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கடையைக் குமாஸ்தாவிடம் ஒப்படைத்துவிட்டு, சாக்குக்கட்டியால் மாடிப்படியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே நான் சாப்பாட்டை வைக்க வேண்டும். நான் நகர்ந்த பிறகு அவர் எடுத்துக்கொள்வார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் புதுச்சேரியில் ஹாஸ்டலில் படிக்கிறான். வீட்டில் மிச்சமிருந்தது இரண்டு பேர். அதிலும் ஒன்று மேலே, ஒன்று கீழே.

பிரெஞ்சுக்காரன் போய்விட்டாலும், மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கும் பழக்கத்தை எங்கள் ஊர் விடவில்லை. என் குடித்தனமே அந்த மத்தியானத்தில்தான் இருந்தது. நான் வெற்றிலை மடித்து அவர் வாயில் வைப்பேன். அவர் கடையில் உடைந்த தட்டு, உடைத்த ஆள், உடைத்துவிட்டுச் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொல்லுவார். நான் முதுகைச் சொறிந்துகொண்டே, தூங்குவது போல் கேட்பேன். மற்றதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற விஷயமில்லை.

முதலிரண்டு நாள் மகாராஜா மாதிரி இருந்தார். பிறகு மேலேயிருந்து குரல் வந்தது.

"நீலா, வெத்திலை?"

"படியில வச்சிருக்கேன்."

"மடிக்காம வச்சிருக்கியே."

"மடிச்சா என் விரல் படும்."

கொஞ்ச நேரம் கழித்து, "முதுகு அரிக்குது."

"சுவரு இருக்கு, தேச்சுக்குங்க."

அந்த வாரக் கடைசியில் கோட்டுக்கு மேல்படியில் வந்து நின்றார். குளித்து, பவுடர் பூசியிருந்தார்.

"போதும்னு நினைக்கிறேன்."

"எது?"

"கராந்தேன்."

"அது எப்படிப் போதும்? கராந்தேன்னா எத்தனை நாள் தெரியுமா?"

"சொல்தாத் தாத்தா ஒரு வாரம்னு..."

"அவரு கிடக்கட்டும். நீங்க பிரெஞ்சுல பத்துப் பத்தா எண்ணுங்க."

பிரெஞ்சுக்காரன் காலத்து வியாபாரி அல்லவா, பெருமையாக விரலை நீட்டி ஆரம்பித்தார். "தீஸ். வேன். த்ராந்த். கரா..." நாலாவது விரல் அந்தரத்தில் நின்றது.

"சொல்லுங்க."

"கராந்த்."

"நாப்பது. அதுலேர்ந்து வந்ததுதான் கராந்தேன். நாப்பது நாள். கான்வென்ட்டுல படிச்சவ, இதுகூடத் தெரியாம இருப்பேனா?"

பக்கத்து வீட்டு அமீர் நிஷா சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் நாற்பது மட்டும் விழுந்தது.

"என்னக்கா, நாப்பதுங்கிறீங்க? எங்கள்ல பிள்ளை பெத்தவளைத்தான் நாப்பது உக்கார வைப்போம்."

"இங்க உங்க அண்ணனை உக்கார வச்சிருக்கு."

"அண்ணன் என்ன பெத்தாங்க?"

"பயத்தை."

அவள் சிரிக்க, நான் சிரிக்க, மாடி ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாள் காலையில் மேலே முனகல். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சவரம் பண்ணியிருந்தார்.

"நீலா, உடம்பு கொதிக்குது. நெத்தியைத் தொட்டுப் பாரேன்."

"தொட்டா என் மூச்சு படுமே."

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தொடு."

நான் தொடவில்லை. அமீர் நிஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நாற்பது இருக்கிற வீட்டுக்கு என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுத்தனுப்பினாள்: ஒரு ஜாடி பிரசவ லேகியம். பத்தியமும் சொல்லியனுப்பினாள். மீன் கூடாது, பூண்டுக் குழம்பும் குழைந்த சோறும்தான். லேகியத்தையும் சோற்றையும் படியில் வைத்துவிட்டு, கீழே எனக்குக் கொடுவா மீன் வறுத்தேன். வாசனைக்குச் சாக்குக்கட்டிக் கோடெல்லாம் தெரியாது. அது நேரே மாடிக்குப் போயிற்று.

ஒரே உருண்டை லேகியத்தில் அவருடைய ஜுரம் இறங்கிவிட்டது. அவரும் இறங்கி வந்து, கோட்டுக்கு மேலே உட்கார்ந்தார்.

"எனக்கு ஜுரம் இல்ல."

"தெரியும்."

"நீயும் அந்தப் பொண்ணும் சிரிக்கிற சத்தம் மேல வருது. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு தெரியல. மத்தியானமானா படியில உன் காலடி கேக்குதான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன். பேச ஆளில்லாம பல்லிகிட்ட பேசுறேன் நீலா. அது பாதியிலேயே போயிடுது."

நானும் அடிப்படியில் உட்கார்ந்தேன். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"என் மூச்சு?"

"வேணும்."

"சத்தமா."

"வேணும்டி. அது இல்லாமதான் எனக்கு மூச்சு முட்டுது."

ஈரத்துணி கொண்டுவந்து கோட்டைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே மேலேறினேன்.

அன்று மத்தியானம் வெற்றிலையை மடித்தே கொடுத்தேன். வாங்கி மென்றுகொண்டிருந்தவருக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது.

"ஏன் நீலா, அஞ்சுகம் வரப்போக இருக்கா. உனக்கு ஜுரம் வந்துட்டா?"

"எனக்கு வந்து போயிடுச்சு."

"எப்ப?"

"நீங்க மாடியேறுறதுக்கு முந்தின வாரம். நீங்களும் நானும் இதே கட்டில்லதான் படுத்திருந்தோம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"தலைவலின்னு சொன்னேனே. நீங்கதான் கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க."

வெற்றிலை மெல்லுவது நின்றது. பிறகு, கலியாணமான புதிதில் பேசியது போன்ற ஒரு மரியாதையோடு கேட்டார்.

"இப்ப தலைவலி எப்படி இருக்கு?"

"லேசா இருக்கு" என்றேன்.

மனுஷர் எழுந்துபோய்த் தைலத்தைத் தேடியெடுத்து வந்தார். என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியில் பதமாகத் தேய்த்துக்கொண்டே, பல்லியிடம் பாதியில் விட்ட கதையையெல்லாம் முதலிலிருந்து சொன்னார். மூன்று மணிக்குக் கடை திறக்கும்வரை விரல் ஓயவில்லை.

எனக்குத் தலைவலியே இல்லை.