கூத்தையா மகளுக்குப் புத்திப் பரீட்சை

"செவப்ப மேல வையி தாயி, செவப்ப!"

கூத்தையா போட்ட சத்தத்தில் ஜோதிகா அடுக்கியிருந்த கட்டைகள் சரிந்தன. எதிரே இருந்து பரீட்சை வைத்துக்கொண்டிருந்த மாஷிதா மேடம் கடிகாரத்தை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க சொல்லிட்டீங்க. இது கணக்குல சேராது."

"அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளை முழிச்சுக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

மிளகாய்க் காட்டைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு சிக்கல் கிராமத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவனுக்கு எரிச்சல் வராதா? மூன்றாம் வகுப்பு ஜோதிகா ஓரிடத்தில் உட்காருவதில்லையாம். பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறாளாம். புத்திப் பரீட்சை வைத்துப் பார்த்தால் நல்லது என்று பள்ளிக்கூட டீச்சர் சொல்லிவிட்டார். என் மகளையா மக்கு என்கிறார்கள் என்று கூத்தையாவுக்கு வயிறு எரிந்தது. விடுவானா? பொது அறிவுப் புத்தகம் ஒன்று வாங்கி, பிள்ளையை ராவும் பகலும் உருப்போட வைத்தான். இங்கே வந்து பார்த்தால் ஒரு நாட்டின் தலைநகரத்தைக்கூடக் கேட்க நாதியில்லை. கட்டை அடுக்கச் சொல்கிறார்கள், படம் பார்க்கச் சொல்கிறார்கள்.

"மங்கோலியாவுக்குத் தலைநகரம் கேளுங்க மேடம், டக்குனு சொல்லுவா."

"கொஞ்சம் வெளிய இருங்கண்ணே."

வெளியே போனான். பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், வேப்பமரத்தைச் சுற்றினான், ஜன்னலில் எட்டிப் பார்த்தான். உள்ளே மேடம் சில எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லியிருந்தார். ஜோதிகா யோசித்தாள்.

"ஏழு, தாயி! ஏழு!"

"ஏழு இல்லண்ணே, ரெண்டு," என்றார் மேடம் பெருமூச்சோடு. "இதுவும் போச்சு."

ஒருவழியாக முடிந்து அவனை உள்ளே கூப்பிட்டார். ஜோதிகா தரையில் உட்கார்ந்து மறுபடி கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"முழுசாக் கணக்குப் போட்டுட்டுச் சொல்றேன். ஆனா பிள்ளை நல்ல கெட்டிக்காரி."

"நான் சொல்லல? அப்பக் கோளாறு இல்ல!"

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. புத்தி வேற, கவனம் வேற. இந்தப் பரீட்சைய மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம். பள்ளிக்கூடத்துல எப்படி, வீட்டுல எப்படின்னு..."

"என்ன வேற? ரெண்டும் ஒரே தலைக்குள்ளதான கெடக்கு?"

"வீட்டுல வேற யாராச்சும் இப்படி, சொல்லி முடிக்கிறதுக்குள்ள..."

"ஒருத்தரும் கெடயாது!"

கூத்தையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "கெட்டிக்காரின்னு நீங்களே சொல்றீங்க, கவனம் இல்லைன்னும் நீங்களே சொல்றீங்க. நல்லா இருக்கே நியாயம்! எந்திரி தாயி, போவம்!"

"இந்தா வாரேன் அய்யா," என்றாள் ஜோதிகா, கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விறுவிறுவென்று வெளியே வந்தான். சாவி காலையிலிருந்து வண்டியிலேயே கிடந்தது. ஒரே உதையில் கிளப்பினான். வழி நெடுக வாய் ஓயவில்லை.

"கவனமில்லையாம்ல! யாருக்கு? எம் மகளுக்கா? நீ கவலப்படாத தாயி, அய்யா இருக்கேன். நாளைக்கு அந்த டீச்சர நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்குறேனா இல்லையா பாரு!"

பின்னாலிருந்து பதிலே இல்லை. பச்சைப் பிள்ளை மனசை இப்படி நோகடித்துவிட்டார்களே என்று அவனுக்குக் கண் கலங்கியது. உத்தரகோசமங்கை விலக்கில் பாண்டீஸ்வரன் டீக்கடை வந்ததும் வண்டியை நிறுத்தினான்.

"பாண்டி, எனக்கு ஒரு டீ. பிள்ளைக்குப் பாலு, சீனி தூக்கலா."

பாண்டீஸ்வரன் வண்டியைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான்.

"எந்தப் பிள்ளைக்குண்ணே?"