மூன்று நாடுகள் பிடித்த குமாஸ்தா

கொள்ளைக்காரர்கள் வரவில்லை.

கடலில் நம் நாடு, தீவு நாடு, கிழக்கு நாடு என்று மூன்று நாட்டுக் கப்பல்கள் காத்துக்கொண்டிருந்தன. கடற்கொள்ளையை ஒழிக்க மூன்று நாடுகளும் கைகோத்து நடத்தும் கூட்டு ஒத்திகை அது. ஒரு பழைய சரக்குக் கப்பலைக் கொள்ளையர் மடக்க வேண்டும், மூன்று கப்பல்களும் சேர்ந்து கொள்ளையரை மடக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் கொள்ளையராக நடிக்க வேண்டிய நாடகக் குழுவினர் ஐந்து பேரும் முதல் நாள் சாப்பாட்டில் வயிறு கெட்டுக் கூண்டோடு படுத்துவிட்டார்கள்.

துறைமுக அதிகாரி அலுவலகத்தை ஒரு நோட்டம் விட்டார். பார்வை கணக்குப் பிரிவு குமாஸ்தாவின் மீசையில் வந்து நின்றது.

"சார், நானா? எனக்கு நீச்சலே தெரியாது!"

"கொள்ளையடிக்கத்தானே போறீங்க, குளிக்கவா போறீங்க?"

"சாயங்காலம் என் பொண்ணு வெளியூர் கிளம்புறா சார். முதல் வேலை. பஸ் ஏத்தி விடணும். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கேனே!"

"மத்தியானத்துக்குள்ள பிடிச்சு, போட்டோ எடுத்து, விட்டுடுவாங்க. நீங்க பாட்டுக்குப் போங்க."

குமாஸ்தாவுக்கு ஒரே பெண். "நீங்க வராம நான் பஸ் ஏற மாட்டேன்பா" என்று காலையில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

படகு ஓட்ட, படகுத்துறையில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவனை அதிகாரி பிடித்தார்.

"இந்தக் கடல் தெரியுமாப்பா?"

"ஓரளவுக்குத் தெரியும் சார். ஆனா இன்னைக்கு வேணாமே..."

"அரசாங்க வேலைப்பா. ஏறு, ஏறு."

ஆளுக்கொரு மரத் துப்பாக்கியோடு படகு கிளம்பியது. சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் போய் நின்றதும், இதில் எப்படி ஏறுவது என்று குமாஸ்தா மலைத்தார். படகோட்டி ஒரு கயிற்றை வீசினான், விறுவிறுவென்று ஏறினான், குமாஸ்தாவை மூட்டை மாதிரி மேலே இழுத்துப் போட்டான். கெட்டிக்காரன் என்று அவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

சீக்கிரம் வீட்டுக்குப் போக ஒரே வழி, சீக்கிரம் பிடிபடுவது. முதலில் வந்த தீவு நாட்டுக் கப்பலைக் கண்டதுமே குமாஸ்தா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். தீவு நாட்டுக் கமாண்டர் பூரித்துப் போனார். ஆனால் பின்னாலேயே வந்த கிழக்கு நாட்டுக் கமாண்டர் தாம்தூம் என்று குதித்தார்.

"கூட்டு ஒத்திகைன்னு சொல்லிட்டு நீங்க மட்டும் பிடிச்சா என்ன அர்த்தம்? ஆளை விடுங்க, நாங்க பிடிக்கணும்!"

வம்பு எதற்கு என்று குமாஸ்தா அவரிடமும் ஒரு தடவை சரணடைந்தார். அப்புறம் நம் நாட்டுக் கமாண்டர் முகம் வாடியதைப் பார்த்து, அவரிடமும். ஊருக்கு நல்லவராக நடந்துகொண்டதில் வினைதான் முற்றியது. இப்போது மூன்று நாடுகளும் அவரைத் தங்கள் கைதி என்றன. எந்த நாட்டுத் துறைமுகத்தில் இறக்குவது, எந்த நாட்டுக் கொடிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது என்று மூன்று கமாண்டர்களும் சரக்குக் கப்பலின் மேல்தளத்திலேயே வட்டமேசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒத்திகையைப் பார்க்க வந்திருந்த பத்திரிகைக்காரர்கள் கைதிகளைச் சுற்றி மொய்த்தார்கள். படகோட்டி துண்டை எடுத்து முகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டான். பாவம், கூச்ச சுபாவம்.

வெயில் சாயத் தொடங்கியது. குமாஸ்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்துபோய்த் தன் அலுவலக அடையாள அட்டையை நீட்டினார்.

"ஐயா, நான் கணக்குப் பிரிவு குமாஸ்தா. என்னை விட்டுடுங்க."

தீவு நாட்டுக் கமாண்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். "போலி அட்டை வரைக்கும் தயார் பண்ணியிருக்காங்கய்யா! என்ன தத்ரூபம்! இந்த ஆளை எங்க நாட்டுக்கே கூட்டிட்டுப் போய் நாலு ஊர்ல காட்டணும்."

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"கைதாகி உட்கார்ந்திருக்கேன்."

"உங்க விளையாட்டுக்கு ஒரு நேரங்காலம் இல்லையா? இவ பெட்டி மேல உட்கார்ந்து வாசலையே பார்த்துட்டிருக்கா. பஸ் துறைமுகம் வழியாத்தான் போகுது. நாங்க அங்கேயே வந்துடறோம். வந்து தொலைங்க!"

குமாஸ்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, மேசையில் கிழக்கு நாட்டுக் கமாண்டர் பேசியது காதில் விழுந்தது.

"போன மாசம் நிஜமாவே ஒரு கூட்டத்தைப் பிடிச்சோம். பிடிச்சது பெரிசில்ல. எந்த நாட்டுக் கோர்ட்டு, எந்த நாட்டு ஜெயில், யார் சோறு போடறது? தலைவலி. அவங்க படகுக்கு எண்ணெய் ஊத்தி அனுப்பி வெச்சுட்டோம்."

"நாங்களும் அப்படித்தான்" என்றார் தீவு நாட்டுக்காரர்.

குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகக் காட்டாத மனிதர், மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"இனிமே மறைச்சுப் பிரயோஜனமில்லை. நாங்க ஒத்திகைக் கொள்ளைக்காரங்க இல்லை. நிஜக் கொள்ளைக்காரங்க! நானும் இவனும்!"

படகோட்டியின் முகம் வெளிறிப் போயிற்று. "சார்! என்ன சார் சொல்றீங்க!" என்று குழறினான்.

"நீ சும்மா இருப்பா. எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

நம் நாட்டுக் கமாண்டர் சந்தேகத்தோடு வயர்லெஸ்ஸில் துறைமுக அதிகாரியைக் கூப்பிட்டார். "நாடகக் குழு ஆளுங்க வந்தாங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க, ஒருத்தன்கூட வரலை!" என்றது வயர்லெஸ். மேற்கொண்டு அது கரகரத்தது.

பத்திரிகைக்காரர்கள் அவசர அவசரமாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். பிறகு மூன்று கமாண்டர்களும் ஒரே நேரத்தில் வரைபடத்தின் மேல் கவிழ்ந்தார்கள்.

"இது உங்க கடலுங்க."

"சேச்சே, கோடு இங்க இருக்கு. உங்களுது."

"முதல்ல பிடிச்சது நீங்கதானே? நீங்களே வெச்சுக்குங்க!"

அன்றைக்கு முழுவதும் ஒத்துப்போகாத மூன்று நாடுகளும் அடுத்த பத்து நிமிடத்தில் ஒத்துப்போயின. படகு நிறைய எண்ணெய் ஊற்றினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். தீவு நாட்டுக் கமாண்டர், "பார்த்துப் போங்க, காத்து அதிகமா இருக்கு" என்று கைகூட அசைத்தார்.

படகு கரையை நோக்கிப் பறந்தது. குமாஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் சாமர்த்தியத்தை வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். படகோட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

படகுத்துறையில் பெட்டியும் கையுமாக மகள் நின்றிருந்தாள். "அப்பா!" என்று துள்ளினாள். பக்கத்தில் மனைவி இடுப்பில் கை வைத்து முறைத்தபடி. பஸ் இன்னும் வரவில்லை. குமாஸ்தாவின் கண்கள் நிறைந்துவிட்டன. படகோட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த உதவியை மறக்க மாட்டேன்பா. வரட்டுமா?"

அவன் பிடித்த கையை விடவில்லை. அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்து நடுங்கும் குரலில் கேட்டான்:

"சார், என்னை எப்ப சார் அடையாளம் கண்டுபிடிச்சீங்க?"