கரை தெரிந்துவிட்டவர்

மனிதர்களில் 'கரை தெரிந்துவிட்டவர்' என்றொரு வகை உண்டு. தொடங்கும்போது இவரைப்போல் அடக்கமானவர் கிடையாது. நடுவழியில் இவரைப்போல் உழைப்பாளி கிடையாது. ஆனால் கரை கண்ணில் பட்டதா? தொலைந்தது.

இந்தப் பல் மருத்துவரையே பாருங்கள். கடலோரமாகவே முப்பத்தெட்டு நாள், யார் படகின் இழுவைக் கயிற்றையும் பிடிக்காமல், முழுத் தொலைவும் சொந்தக் கையால் துடுப்புப் போட்டே ஊர் திரும்புவேன் என்று கிளம்பியவர். உள்ளங்கை கொப்புளித்து, மூக்குத்தோல் இரண்டு முறை உரிந்து, நனைந்த ரொட்டியைத் தின்று, அலையோடு மல்லுக்கட்டி, கடைசி நாள் நண்பகலில் தன் ஊர்க் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார். இன்னும் அரை மணி நேரத் துடுப்பு வேலைதான்.

துடுப்பை மடியில் வைத்தார். சீப்பை எடுத்தார்.

பக்கத்துப் படகில் வந்த மனைவியின் தம்பி பதறினார். "மாமா, காத்து திரும்புது. முதல்ல போய்ச் சேருவோம்!"

"அட இருப்பா, முடிஞ்ச மாதிரிதான். பரட்டைத் தலையோடவா போட்டோவுக்கு நிக்கிறது?"

பிறகு சட்டை மாற்றினார். மனைவிக்குப் போன் போட்டார். "வந்துட்டேன்னே வெச்சுக்க. எல்லாரையும் கரைக்குக் கூப்பிடு." அடுத்து, நன்றியுரையை ஒத்திகை பார்த்தார். கடலுக்கு நன்றி சொன்னார். தம் தோள்களுக்குச் சொன்னார். சற்று யோசித்து, மைத்துனருக்கும் சொன்னார். நிமிர்ந்தால், கலங்கரை விளக்கம் தீக்குச்சி அளவுக்குச் சிறுத்திருந்தது. கரையிலிருந்து வீசிய காற்று ஓசைப்படாமல் தன் வேலையைச் செய்திருந்தது.

மீன்பிடிப் படகொன்று அருகில் வந்தது. "கயிறு போடட்டுமா, சார்?"

கயிற்றைத் தொட்டால் முப்பத்தெட்டு நாளும் கணக்கில் வராது. மருத்துவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் வானத்தைப் பார்த்தார்.

"வேண்டாங்க," என்றார் மருத்துவர், அழாத குறையாக. துடுப்பைப் பிடித்துக் குனிந்தவர் நிமிரவில்லை. அரை மணி நேர வேலை நாலு மணி நேரமாயிற்று. ஆனாலும் சொந்தக் கையாலேயே வந்து மணலில் மோதினார்.

வரவேற்க வந்தவர்கள் பழரசத்தைக் குடித்துவிட்டு எப்போதோ கலைந்திருந்தார்கள். மனைவி மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மதியமே ஒருத்தர் போன்ல வந்துட்டேன்னாரே, அவரு எங்க?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், இன்னும் ஒரு வரி பாக்கியிருக்கும்போதே, இதை யாருக்கு அனுப்பலாம் என்று விரலைத் தூக்கிவிட்டீர்கள், பாருங்கள்.