வலது கன்னத்துக் காயம்

மேக்கப்காரர் மானிட்டரை எட்டிப் பார்த்தார். கைதியின் காயம் வலது கன்னத்தில் இருந்தது. காலையில் அவர் தன் கையாலேயே அதை வரைந்தது இடது கன்னத்தில்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். காயம் இடம் மாறுவதாக இல்லை.

எடுப்பது போலீஸ் படம். விசாரணை அறை செட். நடுவில் ஒரு மேசை, மேலே தொங்கும் ஒற்றை பல்பு, ஒரு பக்கம் இன்ஸ்பெக்டராக ஹீரோ, எதிரே கைதியாக ஒரு புது நடிகர். இன்ஸ்பெக்டர் வலது கையால் அறைவார், கைதியின் இடது கன்னம் உதட்டோரம் வரை கிழியும். சாப்பிடும்போது உதட்டோரச் சாயம் எப்படியும் கலைந்துவிடும். அதனால் சாப்பாடு முடிந்ததும் காயத்தைப் புதுப்பிக்க வேண்டும். அவரும் புதுப்பித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி போனில் கூப்பிட்டாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கன்னத்தில் லேசாக ஒட்டியிருந்த சிவப்பின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டிவிட்டார்.

"டைட்டில்ல உங்க பேரு தனியா வருமா, இல்ல கூட்டத்தோட கூட்டமா ஓடுமா?" இதுதான் அவள் கேட்ட அவசரக் கேள்வி.

கேள்வியில் நியாயம் இருந்தது. பல வருஷம் உதவியாளராகவே காலம் தள்ளியவர் அவர். படம் முடிந்து, விளக்கு போட்டு, ஜனங்கள் வாசலைப் பார்த்து நடக்கும்போது திரையில் பொடி எழுத்து வரிசையாக ஏறுமே, அதில்தான் அவர் பேரும் இதுவரை ஏறியிருக்கிறது. இந்தப் படத்தில்தான் முதல்முறையாகத் தனியாகப் போடப்போகிறார்கள். டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். கூடவே, "ஏதாவது சொதப்பினீங்கன்னா பேரும் கிடையாது, நீங்களும் கிடையாது" என்றும் சொல்லியிருந்தார். அதில் முதல் பாதியை மட்டும் மனைவி சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

கண்டின்யூட்டி பார்ப்பதற்கென்று ஒரு பெண் உண்டு. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பது அவள் வேலை. அன்று பார்த்து அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். மேக்கப்காரருக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

இன்னொரு ஆறுதலும் கிடைத்தது. கேமராமேன் இருட்டுப் பிரியர். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்ததெல்லாம் வலது பக்கத்திலிருந்துதான். பல்பு வெளிச்சம் கைதியின் வலது பாதி முகத்தில் மட்டும் விழ, இடது பாதி கும்மிருட்டாக இருந்தது. அங்கே காயம் இருந்ததா இல்லையா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. ஆக, இடது கன்னத்தில் பழையபடி வரைந்துவிட்டால் போதும். வலது காயத்துக்கு மட்டும் ஒரு காரணம் பிடிக்க வேண்டும்.

கைதியை ஓரமாக உட்காரவைத்து வேலையை ஆரம்பித்தார்.

"என்னண்ணே, ரெண்டு பக்கமுமா?"

"ஆமா தம்பி. மூஞ்சிய ஆட்டாம இரு."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றான் கைதி. பரம சாது.

டைரக்டர் கவனித்துவிட்டார்.

"என்ன மேக்கப், அந்தப் பக்கமும் காயம் வந்திருக்கு?"

மேக்கப்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒரே கன்னத்துல திரும்பத் திரும்ப அடிச்சா அது கோவம் சார். கை மாத்தி அடிச்சாத்தான் விசாரணை."

என்ன சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. டைரக்டருக்குப் புரிந்தது. த்ரில்லர் எடுப்பவர்களிடம் எதையும் மெதுவாகச் சொன்னால் ஆழமாகத்தான் படும்.

"பிரமாதம். இடது கையால அடிக்கற மாதிரி ஒரு ஷாட் வெச்சுடுவோம்."

"எனக்கு இடது கை வராதே சார்" என்றார் ஹீரோ.

"இன்ஸ்பெக்டருக்கு வரும்."

சினிமாவில் அறைவது என்பது ஒரு கணக்கு. கை கன்னத்தைத் தொடாமல் காற்றை வெட்டிக்கொண்டு போக வேண்டும், அதே நொடியில் வாங்குகிறவர் தலையைத் திருப்ப வேண்டும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஹீரோவின் வலது கைக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. இடது கை அந்தப் பாடத்துக்கே வந்ததில்லை.

பளாரென்று விழுந்தது. சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்தார்.

"இதுக்குத் தனியா சத்தம் சேர்க்க வேணாம் சார்" என்றார்.

கைதியின் வலது கன்னம் எல்லார் கண்ணெதிரேயும் வீங்கியது. அவன் கண்ணில் தண்ணீர் நிற்க, "பரவாயில்ல சார், சீன் நல்லா வந்தா சரி" என்றான். செட்டே கைதட்டியது. மேக்கப்காரர் மட்டும் கைதட்டவில்லை. ஒரு பாவமும் அறியாத பிள்ளை, தன்னால் அடி வாங்கிவிட்டதே என்று ஐஸைத் துணியில் சுற்றி அவரே ஒத்தடம் கொடுத்தார்.

மறுநாள் காலை கண்டின்யூட்டிப் பெண் வந்தாள். பல் பிடுங்கியதில் அவளுக்கும் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கையிலிருந்த போட்டோவை டைரக்டர் முன்னால் வைத்தாள்.

"போன வாரம் எடுத்த பொண சீன் சார் இது. விசாரணை முடிஞ்ச ராத்திரியே கைதி தப்பிச்சுடறான், விடிஞ்சா கிடங்குல பொணமாக் கிடக்கறான். நல்ல வெளிச்சத்துல ரெண்டு கன்னமும் தெரியுது. இடது பக்கம் காயம். வலது பக்கம் மொழுமொழுன்னு இருக்கு. ராத்திரி வீங்கின கன்னம் செத்ததும் எப்படி சார் வத்தும்? எனக்கே இன்னும் வத்தல."

"பொணத்தை மறுபடி எடுத்துடலாம்."

"அந்தக் கிடங்கை இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டாங்க சார்."

"அப்ப அறையற சீனை மறுபடி எடுப்போம்."

"கைதியோட இந்த வீக்கத்தை வெச்சுக்கிட்டா? அதுவுமில்லாம ஹீரோ காலைலயே வெளியூர் கிளம்பிட்டாரு."

டைரக்டர் மெல்லத் திரும்பி மேக்கப்காரரைப் பார்த்தார். கை மாற்றி அடிக்கும் தத்துவத்தைச் சொன்னது யார் என்று அவருக்கு நினைவு வந்துவிட்டது.

மேக்கப்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தப்பு என்மேல்தான் சார் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவியின் முகமும், அவளுக்குப் பின்னால் அத்தனை சொந்தக்காரர்களின் முகமும் வந்து நின்றன.

"செத்தது கைதி இல்ல சார்" என்றார்.

டைரக்டர் போட்டோவைக் கையில் எடுத்தார்.

"அப்ப யாரு?"

"இவன் கூடப்பொறந்தவன் சார். ரெட்டை. தான் செத்துட்டதா போலீஸ் நம்பணும்னு இவன்தான் அவனைக் கொன்னு போடறான். தன்னை மாதிரியே காயமும் உண்டாக்கறான். ஆனா அவசரத்துல ஒரு கன்னத்துல மட்டும் போட்டுட்டான்." மேக்கப்காரர் போட்டோவில் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "தான் ரெண்டு கையாலயும் அடிச்சது இன்ஸ்பெக்டருக்குத்தானே தெரியும். அதுதான் சார் துப்பு."

டைரக்டர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து வந்து அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளா இதைத்தானே தேடிக்கிட்டிருந்தேன்."

அதோடு படமே தலைகீழாக மாறியது. அன்றோடு வேலை முடிந்து வீட்டுக்குப் போகவேண்டிய கைதி, மெயின் வில்லன் ஆனான். மாடிக்கு மாடி தாவினான், ஹீரோவோடு மழையில் கட்டிப் புரண்டான், க்ளைமாக்ஸில் பக்கம் பக்கமாக வசனம் பேசினான். நன்றாகவும் நடித்தான். மேக்கப்காரரோ தினமும் செத்துப் பிழைத்தார். எங்கே மறுபடி பக்கம் மாறிவிடுமோ என்று, கைதியின் இரண்டு காதுக்குப் பின்னாலும் பேனாவால் 'இ' என்றும் 'வ' என்றும் எழுதிவைத்துக்கொண்டார். டைரக்டர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதையில் யோசனை கேட்கும்போதெல்லாம், பொய் சொல்லி வாங்கிய மரியாதை முள்ளாகக் குத்தியது.

முதல் காட்சியன்று அவர் பேர் தனியாக வந்தது. மனைவி அதை வாய்விட்டுப் படித்து, முன்வரிசை ஆளையும் தட்டிக் காட்டினாள். க்ளைமாக்ஸுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் பிணத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். தியேட்டர் அதிர்ந்தது. படம் முடிந்ததும் டைரக்டர் எல்லார் முன்னாலும் மேக்கப்காரரைக் கட்டிக்கொண்டு, "இந்தக் காயம் இவரோட மூளை" என்றார்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. ஜனங்கள் சூழ்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்த கைதியை மாடிப்படி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, ஊரை ஏமாத்தினது போதும், உன்கிட்டயாவது உண்மையச் சொல்லிடறேன். அது மூளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நான் கவனமில்லாம பக்கம் மாத்தி வரைஞ்சுட்டேன். அந்தத் தப்பை மறைக்கப் போய்த்தான் நீ அடி வாங்கினே. என்னை மன்னிச்சுக்கப்பா."

கைதி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தான்.

"நீங்க எங்கண்ணே தப்பு பண்ணீங்க, சாப்பிடறப்போ இடது கன்னத்தைத் துடைச்சுட்டு வலது கன்னத்துல சிவப்பைத் தடவி வெச்சது நான்தான், பொண சீனை மறுபடி எடுப்பாங்க, இன்னொரு நாள் வேலை கிடைக்கும்னு பார்த்தேன், நீங்க உயிரையே குடுத்துட்டீங்க."