குட்டைக் கம்பி மாப்பிள்ளை

நாயுடுபுரம், கொடைக்கானல்
12-5-1981

சேசு மரி சூசை துணை

மதிப்பிற்குரிய மச்சான் இருதயசாமி அவர்களுக்கு அலெக்சாண்டர் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், தங்கள் தங்கை கித்தேரியும், மகள் மேரியும் சுகம். பழனியில் தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். மேரிக்குத் தாங்கள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை மரியசெல்வம் வேண்டாம். மன்னிக்கவும்.

காரணம் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். குடிப்பதில்லை, பூசைக்குத் தவறுவதில்லை, மர டிப்போவில் டிரைவர் வேலை, எல்லாம் சரிதான். ஆனால் ஆள் மந்தம். இருபத்திரண்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறவன் நான். ஸ்டீயரிங் பிடிக்கிற விதத்தை வைத்தே ஒருவன் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று சொல்லிவிடுவேன்.

போன சனிக்கிழமை திருவிழா விளக்குக்காக ஜெனரேட்டர் வந்தது. டிரெய்லரோடு சேர்த்து மூன்று டன். அதைக் கோயில் சந்துக்குள், மேட்டில், பின்பக்கமாக ஏற்றி நிறுத்த வேண்டும். மாப்பிள்ளையின் கைவரிசையைப் பார்க்கலாமே என்று நான்தான் அவரை டிப்போ லாரியோடு வரச் சொன்னேன். அது பழைய மிலிட்டரி லாரி, கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருக்கும், இழுத்தால் வேகம் செத்து இழுவை கூடும். அவர் இறங்கிச் சந்தை ஒரு முறை நடந்து பார்த்தார், மறுபடி ஏறினார், குட்டைக் கம்பியை இழுத்தார். இஞ்சின் போடுகிற சத்தத்துக்கு லாரி பறக்க வேண்டும். அதுவோ அங்குலம் அங்குலமாக நகர்கிறது. டிரெய்லருக்கு அடியில் இருந்த கோழி ஒன்று பொறுக்கித் தின்று முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தது. கடைக்கார அப்துல் சலாம் என்னிடம், "என்னங்க, வண்டி ஓடுதா, நிக்கிதா?" என்று கேட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

"தம்பி, வெரசா மிதிங்க! சோலி கெடக்கு!" என்றேன்.

"மிதிச்சா டிரெய்லர் கோணிக்கிட்டுச் சுவத்துல இடிச்சிரும் மாமா. இந்தக் கியர்லன்னா சொன்ன பேச்சு கேக்கும்."

நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மாமா! முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. சுவரில் ஒரு கீறல் இல்லை என்று கித்தேரி தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள். இந்த வேகத்தில் போனால் தாலி கட்டி முடிக்கவே சாயங்காலமாகிவிடும். மேரியைக் கேட்டதற்கு, "அவுக ஓட்டுனா கோழி கூடச் சாகாதுப்பா" என்கிறாள். என் டாக்ஸியைக் குத்திக்காட்டுகிறாளாம்.

ஆகவே தாங்களே அவர்கள் வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடவும். இன்று ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும். டிப்போ முதலாளி என் வாடிக்கைக்காரர்தான். லாரிச் சாவியை வாங்கிவிட்டேன். வண்டி ஓட்டுவது எப்படி என்று ஊருக்கு நானே காட்டப்போகிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் தோத்திரம். தங்கள் வீட்டில் சமாதானம் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
அலெக்சாண்டர்

பி.கு.: அவர்கள் வீட்டில் எதுவும் சொல்லிவிட வேண்டாம். சந்து இறக்கத்தில் வழக்கமான கியரில் இறங்கினேன். பிரேக்கை மிதிக்க மிதிக்க டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, லாரியை மெயின் ரோட்டுக்குக் குறுக்கே மடக்கிவிட்டது. மேலே பூம்பாறை பஸ், கீழே மதுரை பஸ், முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பள்ளம். பயந்துபோனேன் மச்சான், கால் பெடலை விட்டு வரவில்லை. மேரிதான் டிப்போவுக்கு ஓடி மரியசெல்வத்தைக் கூட்டி வந்தாள். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "தள்ளி உக்காருங்க மாமா" என்று ஏறி, குட்டைக் கம்பியை இழுத்தார். இரண்டு பஸ்ஸும் ஹாரன் அடிக்கின்றன. அவர் காதிலேயே வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் வைத்துக்கொள்ளலாம், அவர்களையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இந்தப் பின்குறிப்பை ஓடுகிற லாரியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எங்காவது ஓரெழுத்து கோணியிருக்கிறதா, பாருங்கள்.