மெட்டி கரைத்த தண்ணீர்

மத்திகிரி,
மார்கழி, 1956.

மதிப்பிற்குரிய மாமா கோவிந்தப்பன் அவர்களுக்கு, மருமகன் முனிராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். எல்லாக் கடிதத்திலும் சும்மா வந்துபோகும் வரி இது. இந்தக் கடிதத்தில் இதுதான் செய்தி. அஞ்செட்டியில் உங்களுக்குப் படித்துச் சொல்லும் வாத்தியார் அதை இரண்டு தரம் படிக்கட்டும். நான் சாகவில்லை.

உங்கள் மகன் கங்கப்ப மச்சான் இன்று காலை தங்கை நஞ்சம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கடிதத்துக்கு முன்னால் வண்டி உங்கள் வாசலுக்கு வந்துவிடும். அவர் ஒரு விதமாகச் சொல்வார். நான் என் விதமாகச் சொல்கிறேன். அவளைத் திருப்பி அனுப்புங்கள். அதற்காகத்தான் இவ்வளவும்.

நான் வேலை பார்க்கும் மாட்டுப் பண்ணை ஆபீசில் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று கிடைத்தது. வெள்ளியைத் தண்ணீரில் கலக்கலாம் என்று போட்டிருந்தது. உப்பு கரைவது போல அல்ல. காற்றில் பனி நிற்பது போல. தூள் தூளாக, கண்ணுக்குத் தெரியாமல், அடியில் தங்காமல் மிதந்துகொண்டே இருக்குமாம். தண்ணீர் தேன் நிறத்துக்கு வருமாம். கண் சிவப்புக்கு நல்லதாம். விறகுப் புகையில் நஞ்சம்மாவின் கண் எப்போதும் சிவந்தே கிடக்கிறது. பெங்களூர் காலேஜில் படித்த ரசாயனம் ஒரு தடவையாவது வீட்டுக்குள் வரட்டும் என்று நினைத்தேன். கண் ஒரு காரணம். ஓர் உலோகம் இருந்துகொண்டே இல்லாமல் போவதைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

அதற்குச் சுத்த வெள்ளி வேண்டும். கல்யாணத்தில் பந்தல் முழுக்கக் கேட்கும்படி நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது: “சொக்க வெள்ளி மாப்ள, ஒரு பொட்டு கலப்பு இல்ல.” நஞ்சம்மாவிடம் கால் மெட்டியைக் கேட்டேன்.

“புருசன் கல்லு மாதிரி குந்தியிருக்கறப்ப எவளாச்சும் மெட்டி கழட்டுவாளா? கண்ணு சரியில்லாதது எனக்கா, ஒங்களுக்கா?” என்றாள்.

நான் விளக்கினேன். விளக்கிக்கொண்டே இருந்தேன். மறுநாள் ஓசூர் சந்தைக்குப் போய் வந்து, இரண்டு மெட்டியையும் என் கையில் வைத்தாள்.

கண்ணாடி டம்ளரில் கிணற்றுத் தண்ணீர். டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகளை வரிசையாகக் கட்டி, இந்தக் கம்பியில் ஒரு மெட்டி, அந்தக் கம்பியில் ஒரு மெட்டி. ஒரு சிட்டிகை உப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். மெட்டியிலிருந்து ஒரு நூல் கிளம்பி, வளைந்து, நின்று, கலைந்தது. வெளியே பண்ணை மாடுகள் பனிக்குள் போயின. எது கரைகிறது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பனியா, மாடா, வெள்ளியா, நானா.

இதற்குள் வெளியே நடந்தது எனக்குத் தெரியாது, பிறகு கேட்டுக் கோத்துக்கொண்டதுதான், நஞ்சம்மா மெட்டியில்லாத காலோடு கிணற்றடிக்குப் போயிருக்கிறாள், பக்கத்து வீட்டு சரோஜம்மாள் குடத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்திருக்கிறாள், நானோ பண்ணைக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டு டம்ளர் முன்னால் இருந்ததால் என்னைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை, “கண்ணு வேற செவந்து கெடக்குது, பாவம் யாரும் இல்லாம அழுதுருக்குது” என்று அந்தம்மாள் தேன்கனிக்கோட்டை சந்தையில் போய்ச் சொல்ல, அது வெற்றிலைக் கூடையில் ஏறி அஞ்செட்டிக்கு வர, மச்சான் என் சாவுக்கு எடுத்த கோடிச் சேலையோடும் உங்கள் தங்கை கெம்பம்மாவோடும் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கெம்பம்மா தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். “பாலு கறக்கற ஆப்பீசுல பேனா புடிச்ச ராசாவே, ஒரு கடுஞ்சொல்லு பேசாத மவராசாவே.” உள்ளே உட்கார்ந்து கேட்டேன். அழகாக இருந்தது. யாரோ ஒரு நல்லவன் போய்விட்டான் என்று எனக்கே துக்கமாக இருந்தது.

மச்சான் உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

“நீ சாவலியா மாப்ள?”

“இல்லை மச்சான்.”

“அப்ப இவ என்னாத்துக்கு மெட்டிய கழட்டனா?”

நான் டம்ளரைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே திரும்பி அழுகையை நிறுத்தச் சொன்னார்.

“ஆரம்பிச்சிட்டேன்டா. பாதியில உட்டா வூட்டுக்கு ஆவாது,” என்று கெம்பம்மா என்னைக் கடைசி வரை அழுது முடித்தார்கள். பிறகு மோர் கேட்டார்கள்.

“உசுரோட குந்திக்கினே பொண்டாட்டி மெட்டிய எறக்கன ஆள இப்பதான் பாக்கறேன். ஏறு நஞ்சி வண்டியில,” என்றார் மச்சான்.

அவள் ஏறினாள். ஏறிய பிறகும் என்னையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரின் நிறம் மாறியது.

மாமா, இதை வருத்தத்தோடு எழுதுகிறேன். வாத்தியார் குரலைத் தாழ்த்திப் படிக்கட்டும். தேன் நிறம் வரவில்லை. பச்சையும் நீலமுமாக வந்தது. வெள்ளிக்கு அந்த நிறம் கிடையாது. செம்புக்கு உண்டு. பந்தலில் நீங்கள் சொன்னதும் டம்ளர் சொன்னதும் ஒன்றாக இல்லை. நான் யாரிடமும் சொல்லமாட்டேன். நஞ்சம்மா வந்தால் போதும். புது மெட்டி நானே வாங்கி, நானே போட்டுவிடுகிறேன். வீட்டில் இப்போது புகை இல்லை. அதுவும் நன்றாக இல்லை.

பெரியவர்கள் எல்லோருக்கும் என் நமஸ்காரம். உங்கள் தொழுவத்தில் கன்றும் பாலும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உயிருடன்,
முனிராஜ்.

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினேன். அதே வண்டி வாசலில் வந்து நின்றது. தேன்கனிக்கோட்டையைத் தாண்டவில்லையாம். நஞ்சம்மா இறங்கினாள். காலில் மெட்டி. நீங்கள் போட்ட மெட்டி. என் கையில் வைத்தது சந்தையில் வாங்கிய ஜெர்மன் சில்வராம். அதில் பாதிக்கு மேல் செம்புதான். நிஜ மெட்டியைத் தாலிக் கயிற்றோடு முடிந்து உள்ளே போட்டிருந்திருக்கிறாள். “காலுல இல்லன்னா என்னா, ஒடம்புல இருந்திச்சில்ல.”

மச்சானிடம் வழியில் சொன்னதை இங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“போவாதன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க டம்ளரப் பாத்துக்கினு நின்னீங்க.”

ஆகவே வெள்ளியைப் பற்றி மேலே எழுதியதை வாத்தியார் படிக்காமல் விட்டுவிட வேண்டும். இதற்குள் படித்திருப்பார். வேறு தாள் இல்லை. அனுப்பாமலும் முடியாது. மச்சானும் கெம்பம்மாவும் இங்கே களி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அஞ்செட்டியில் நான் இன்னும் செத்துத்தான் இருக்கிறேன். கோடிச் சேலையில் ஒரு துண்டு கிழித்து நஞ்சம்மா பால் வடிகட்டுகிறாள். அடுப்புப் புகையில் கண் சிவந்திருக்கிறது. இந்தத் தடவை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.