ஏழு கண்ணுக்கும் தப்பிய முக்கோணம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். அங்கே முழங்கால்கள் உட்பட அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நீ அனுப்பிய காம்பஸ் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. "ரிட்டயரான டெலிபோன் ஆபரேட்டருக்கு இந்த வயசுல இது எதுக்குக்கா?" என்று கேட்டாயே, அது போனில் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை. அதனால்தான் கடிதம்.

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த செயலாளர் முற்றத்தைச் சுற்றி ஏழு கேமரா மாட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு, கீழே "அனைத்தும் பதிவாகிறது" என்று ஒரு பலகை. விளக்கு எரிந்த நாளிலிருந்து ஜனங்கள் ஒரு மாதிரி ஆகிவிட்டார்கள். கேட்டருகே நின்று மணிக்கணக்காக வம்பளந்தவர்கள் கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். காலையில் பனியனோடு கைகாலை உதறிக்கொண்டிருந்த முதல் மாடிப் பல் டாக்டர் முழுக்கைச் சட்டை போட்டு நடக்க ஆரம்பித்தார். நான் மட்டும் என்ன, குப்பை கொட்டத் தலைசீவிக்கொண்டு போனேன். ஒருநாள் அப்படிப் போகும்போதுதான் தோன்றியது: இந்த ஏழுக்கும் உண்மையிலேயே எவ்வளவு தெரியும்? சுவருக்குப் பின்னால் தெரியாதே. தண்ணீர்த் தொட்டி மறைக்குமே. தோன்றிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு முற்றம் முழுக்க அளந்து, பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒவ்வொரு மூலையையும் உரசிக்கொண்டு போகிற மாதிரி கோடு இழுத்து, கண்ணுக்குப் பட்ட இடத்தையெல்லாம் பென்சிலால் தீட்டிக்கொண்டே வந்தேன். எல்லாம் தீட்டி முடித்தபோது தொட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோணம் வெள்ளையாக மிச்சமிருந்தது. தம்பி, அதைப் பார்த்ததும் எனக்கு என்ன சந்தோஷம் என்கிறாய்! பள்ளிக்கூடத்தில் முக்கோணம் என்றாலே கடைசி பெஞ்சுக்கு ஓடுவேன். இது நானே கண்டுபிடித்த முக்கோணம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பல் டாக்டர் சிகரெட் பிடிக்க இடமில்லாமல் தவிப்பதைப் பார்த்து, பாவமென்று அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் இன்னொருவரிடம் மட்டும் சொன்னார். எதிர்வீட்டு மாமியார் காலையில் அங்கே நின்று மருமகளைப் பற்றித் தங்கையிடம் போனில் புலம்புவார், மருமகள் மாலையில் அதே இடத்தில் மாமியாரைப் பற்றி அக்காவிடம் புலம்புவாள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள், நூலகத்தில் வேலை, புருஷன் தவறிப்போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவளும் வருவாள். எதற்கென்று நான் கேட்டதில்லை.

இதற்குள் எனக்கு வேறொரு பைத்தியம் பிடித்துவிட்டது. முற்றம் முழுவதையும் பார்க்க உண்மையில் எத்தனை கேமரா வேண்டும்? இணையத்தில் தேடினால், நமக்கு முன்னாலேயே யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். மூலைக்கு மூலை கோடு போட்டு முற்றத்தை முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். மூலைகளுக்கு மூன்று நிறம் அடிக்க வேண்டும், ஒரு முக்கோணத்தில் ஒரே நிறம் இரண்டு முறை வரக்கூடாது. எந்த நிறம் குறைவாக வருகிறதோ அந்த மூலைகளில் ஆளை நிறுத்தினால் எல்லா முக்கோணமும் அவர்கள் கண்ணில் படும். எங்கள் முற்றத்துக்குப் பன்னிரண்டு மூலை, அதை மூன்று நிறத்துக்குப் பங்கு போட்டால் குறைவான நிறம் நாலுக்கு மேல் வராது. ஆக, நாலு போதும். உன் காம்பஸ் பெட்டியும் கலர் பென்சிலும் படாதபாடு பட்டது இதற்காகத்தான். தேடினதற்குத் தண்டனையாக என் போன் அன்றிலிருந்து விடாமல் எனக்குக் கேமரா விற்கிறது.

செயலாளர் ஒருநாள் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டார். உடனே கூட்டம். "நம்ம கண்ணுக்குப் படாத இடம் ஒண்ணு இருக்கு, அங்க எட்டாவது கேமரா போடணும்" என்றார். எட்டாவது என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. "எட்டு எதுக்குங்க, நாலே போதும்" என்று எழுந்து, தாளை விரித்து, மூன்று நிறத்தையும் விளக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளர் குனிந்து பார்த்து, தொட்டிப் பக்கத்து மூலையில் விரலை வைத்து, "அப்போ நாலாவது இங்கதானே? அந்த மறைவும் தெரிஞ்சிடும்" என்றார். அப்போதுதான் நூலகப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். வித்தை காட்டுகிற ஆசையில், மறைவாக இருந்த ஒரே இடத்தையும் நானே காட்டிக்கொடுத்திருந்தேன்.

"அது மட்டும் வேண்டாங்க" என்றேன்.

"மறைக்க ஒண்ணுமில்லாதவங்களுக்கு மறைவு எதுக்கும்மா?"

"நான் டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவ. ஊர் பேசுறதெல்லாம் எனக்குக் கேக்கும். கேக்க முடிஞ்சும் கேக்காம இருக்கணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. நல்லது பேசுறவங்களுக்கும் அந்த மறைவு வேணும்தானே?"

பல் டாக்டர் தரையைப் பார்த்தார். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். கடைசியில் அந்தப் பெண்தான் எழுந்தாள். "நான் அங்க அழறதுக்குப் போறேன். வீட்ல பசங்க பாத்தா பயந்துடுவாங்க. அதையும் பதிவு பண்ணணுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் மருமகள் கையைத் தூக்கினாள், அடுத்து மாமியார், அப்புறம் கூடம் முழுக்க. மூன்று கேமரா போதும், முக்கோணத்தை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. செயலாளர் மல்லுக்கு நிற்பார் என்று நினைத்தேன். சரியென்று உடனே தலையாட்டிவிட்டார்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, அதைவிட நன்றாக விளையாடி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் குப்பை கொட்டப் போனேன். முக்கோணத்தில் செயலாளர் மறைந்து நின்று சாக்லேட் தின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை. என்னைப் பார்த்ததும் உண்மையைக் கொட்டிவிட்டார்: ஏழும் வெறும் கூடுதானாம், உள்ளே சிவப்பு விளக்கும் பேட்டரியும் மட்டும்தானாம், எதுவுமே எதையுமே பார்த்ததில்லையாம். "அப்புறம் நீங்க எதுக்கு இங்க வந்து ஒளிஞ்சு திங்கிறீங்க?" என்று கேட்டேன். காகிதத்தை மடித்துக்கொண்டே, "தெரியும்மா. ஆனா அந்தச் சிவப்பு விளக்கு முன்னாடி நின்னா தொண்டைல இறங்க மாட்டேங்குது" என்றார்.